பத்தாவது பொத்தான்

அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. யாரும் அதை எடுத்துப் பயன்படுத்தாததால் அது புதுக்கருக்கு மாறாமல் இருந்தது. நானும் அதைத் தொட்டு அழுக்காக்க வேண்டாம். தையல் மெஷின் பழுது பார்ப்பது அவள் தொழில். வாடிக்கைக்காரர்கள் 'மெஷின் அக்கா' என்பார்கள். அதே கடையில் எதிர்ச் சுவரோரம் உட்கார்ந்து துணி தைக்கும் அவளுடைய மூத்தவள் மட்டும் 'நட்டு' என்று கூப்பிடுவாள். ஏழு வயதில் வீட்டுக் கடிகாரத்தைப் பிரித்துப் பூட்டியபோது ஒரு நட்டு கையில் மிஞ்சிவிட்டதாம். கடிகாரம் முன்னைவிட ஒழுங்காக ஓடியது. மிஞ்சிய நட்டு அவள் பெயராகிவிட்டது.

கெட்டிக்காரி. மூன்று தெரு தள்ளி ஓடுகிற மெஷினின் சத்தத்தைக் கேட்டே, "ஊசி மழுங்கிப் போச்சு, மாத்தச் சொல்லுங்க" என்று ஆள் மூலம் சொல்லி அனுப்புவாள். இருபது வருஷமாகத் துருப்பிடித்து இறுகிக் கிடந்த மெஷின் ஒன்று, அவள் கருவிப் பையைத் திறக்கும் சத்தத்துக்கே பயந்து ஓட ஆரம்பித்தது என்று ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பியவள் நான்தான் என்பதால் அதற்கு வேறு சாட்சி தேடவேண்டியதில்லை.

இப்படிப்பட்டவளுக்கு நாற்பத்தொரு வயதில் கன்னியர் மடத்தில் சேர வேண்டும் என்று ஆசை. ஆசை என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். "ஆசை இல்ல. கூப்பிட்டாங்க" என்பாள்.

மடம் மேட்டுத் தெருவின் கடைசியில் உயர்ந்த மதிலுக்குள் இருந்தது. உள்ளே ஒன்பது சிஸ்டர்கள்; பெரிய கூடத்தில் ஒன்பது தையல் மெஷின்கள். ஆஸ்பத்திரிக்குப் படுக்கை விரிப்பு, பள்ளிக்கூடத்துக்குச் சீருடை என்று நாள் முழுக்கத் தைப்பார்கள். அங்கே ஒரு விதி. மணி அடித்தால் நிறுத்த வேண்டும். இந்த ஒரு தையலை முடித்துவிட்டு வருகிறேன் என்ற பேச்சே கிடையாது. ஊசி துணிக்குள் பாதி இறங்கியிருந்தாலும் அப்படியே விட்டுவிட்டு எழுந்து ஜெபத்துக்குப் போய்விட வேண்டும்.

நட்டு இருபத்தாறு வயதில் முதல்முறை அங்கே வேலைக்குப் போனாள். நாலாம் நம்பர் மெஷினுக்கு அடியில் புகுந்து பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. கூரையே அதிர ஓடிக்கொண்டிருந்த மெஷின்கள் ஒரே நொடியில் நின்றன. செருப்புச் சத்தம் நடைவழியில் தேய்ந்து மறைந்தது. அடியிலிருந்து எழுந்து பார்த்தால் ஆள் இல்லாத கூடம். எல்லா மெஷினிலும் பாதித் தையலில் நிற்கிற ஊசி. எடுத்த திருகைப் பாதியில் விட்டால் அன்றைக்குச் சோறு இறங்காதவள் அவள். கையில் ஸ்பேனருடன் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அந்த அமைதி என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுச்சுக்கா" என்று வீட்டுக்கு வந்து சொன்னாள்.

"என்னன்னு? நட்டுன்னா?"

"இல்ல. நிஜப் பேர் சொல்லி."

அக்கா அதற்குப் பதில் சொல்லவில்லை. வாயில் குண்டூசி இருந்தது. அது ஒரு சௌகரியம்.

கூப்பிட்டதும் ஓடிவிட முடிந்ததா? அம்மா படுத்த படுக்கையானாள். அது ஒன்பது வருஷம். அக்காவுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை மூன்றே வருஷத்தில் சண்டை போட்டுக்கொண்டு போனவர் திரும்பவில்லை. அக்காவைத் தேற்றியது மிச்சம். எல்லாம் முடிந்து தலை நிமிர்ந்தபோது நாற்பத்தொன்று. மடத்தில் சேர வயது வரம்பு முப்பத்தைந்து. இருந்தாலும் எழுதினாள். நாலு பக்கக் கடிதம். அதில் ஒன்றரைப் பக்கம் நாலாம் நம்பர் மெஷினைப் பற்றி இருந்தது என்று பிற்பாடு தெரியவந்தது.

அங்கேதான் பிடித்தது சனி. மடம் 'வா' என்றும் சொல்லவில்லை, 'வேண்டாம்' என்றும் சொல்லவில்லை. ஆனால் போன் மட்டும் வந்துகொண்டே இருந்தது. கடையில் நூல்கண்டு அடுக்கும் பலகையின் ஓரத்தில் போன். அது அடித்தால் நட்டு எண்ணெய்க் கையை முழங்கை வரைக்கும் துடைத்துக்கொண்டு, எழுந்து நின்று எடுப்பாள். எதிர்முனையில் மடத்துத் தலைவி, மதர்.

"அம்மா, நல்லா இருக்கியா? உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்னு."

"சொல்லுங்க மதர்." போனைக் காதோடு அழுத்திக்கொள்வாள்.

"நாலாம் நம்பர் மறுபடியும் தையல் தாவுதும்மா."

போனை வைத்ததும் அக்கா தலையைத் தூக்காமலே கேட்பாள். "என்னடி, மேலேருந்து அழைப்பா?"

"நாலாம் நம்பர்."

"பொண்ணு பார்த்துட்டுப் போன மாப்பிள்ளை வீடுகூட மூணு மாசத்துல ஒரு பதில் சொல்லும். இவங்க பதினாலு மாசமா பொண்ணையும் விடல, மெஷினையும் விடல."

"அவங்க யோசிக்கிறாங்கக்கா. ஜெபிச்சு முடிவெடுப்பாங்க."

"நல்லா ஜெபிக்கட்டும். அதுக்குள்ள உனக்குப் பல்லு விழுந்துடும். கஞ்சி குடிக்கிற சிஸ்டரா சேர்த்துக்குவாங்க."

ஒவ்வொரு தடவையும் பழுது பார்த்து முடித்ததும் மதர் அவளை வரவேற்பறையில் உட்கார வைப்பார். இரண்டு நாற்காலி, கண்ணாடி போட்ட மேசை, ஒரு கடிகாரம். ஒவ்வொரு தடவையும் அதே கேள்வி.

"உனக்கு ஆண்டவர் வேணுமா, எங்க மெஷின் வேணுமா?"

முதல் தடவை, "ஆண்டவர்தான் மதர்" என்றாள். இரண்டாம் தடவையும் அதையே சொன்னாள். ஆறாம் தடவை அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஊரெல்லாம் எத்தனையோ மெஷின் இருக்க, இந்தக் கூடத்து மெஷின் மட்டும் ஏன் ராத்திரியும் காதில் ஓடுகிறது? ஜெபம் செய்ய உட்கார்ந்தால் நூல் சுற்றும் பாபின் ஞாபகம் வருகிறது. பாபின் மாட்ட உட்கார்ந்தால் ஜெபம் வருகிறது. இதில் எது அழைப்பு, எது தொழில் புத்தி? இதைப் பிரித்துப் பார்க்க எந்த ஸ்க்ரூ டிரைவரும் அவள் பையில் இல்லை. "தெரியல மதர்" என்றாள் எரிச்சலோடு. மதர் முதல்முறையாகச் சிரித்தார்.

அந்த மாதமே மூன்று மாதம் மடத்தில் தங்கிப் பார்க்கச் சொல்லி அழைப்பு வந்தது. ஒரே ஒரு நிபந்தனை: எந்த மெஷினையும் தொடக் கூடாது.

"மீனைப் பிடிச்சுத் தண்ணியில விட்டுட்டு நீந்தாதேன்னு சொல்ற மாதிரி இருக்கு" என்றாள் அக்கா. ஆனாலும் பெட்டியில் துணி அடுக்கியவள் அவள்தான். மூன்று மாதத்துக்கு எதற்கு எட்டுத் துண்டு என்று நட்டு கேட்டதற்கு, "அழறதுக்கு" என்றாள்.

மடத்தில் அவளுக்குக் கொடுத்த வேலை, தைத்து முடித்த விரிப்புகளை மடித்து அடுக்குவது. இடம் அதே கூடம். நாலாம் நம்பருக்கு நேர் பின்னால். மதர் வேண்டுமென்றே செய்தாரா, கூடத்தில் வேறு இடம் இல்லையா, அது ஆண்டவருக்கே வெளிச்சம். இரண்டாம் வாரம் நாலாம் நம்பர் கரகரக்க ஆரம்பித்தது. அடியில் நூலை வாங்கும் ஷட்டில் ஒரு மயிரிழை பின்வாங்கியிருக்கிறது என்று நட்டுவின் காது சொன்னது. ஒரே ஒரு திருகு, கால் சுற்று. அவ்வளவுதான் வேலை. அதில் தைக்கும் சிஸ்டர் பதினொரு நாள் அதோடு மல்லுக்கட்டினார். நூல் அறுந்தது, மறுபடி கோர்த்தார், மறுபடி அறுந்தது. நட்டு தன் இரண்டு கையையும் நம்பாமல், அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொள்வாள். அவள் பல்லைக் கடித்த கடியில் கடைவாய்ப்பல் ஒரு நூல் தேய்ந்துவிட்டது என்கிறார்கள். நான் அளந்து பார்க்கவில்லை.

கடைசியில் வெளியிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தார்கள். அவருக்கு ஊரில் 'சுத்தியல்' என்று பெயர். பெயருக்குக் காரணம் கேட்க வேண்டாம். வந்தார், மெஷினை ஒரு பார்வை பார்த்தார், தட்டினார். தட்டியும் ஓடவில்லை என்றதும் பக்கத்தில் தட்டினார்.

"நல்ல மெஷின்தான் சிஸ்டர். வயசாயிடுச்சு. அதான் அடம் பிடிக்குது" என்று தீர்ப்பு சொல்லிவிட்டு, நட்டுவைப் பார்த்துக் கண் சிமிட்டினார். "என்னக்கா, தொழிலை விட்டுட்டீங்களா?"

விரிப்பை மடித்துக்கொண்டிருந்த நட்டு, அதை அவர் கழுத்தில் சுற்றாமல் மேசை மேல் வைத்ததைத் தவவலிமை என்றுதான் சொல்ல வேண்டும்.

அன்று மாலை ஜெபக்கூடத்தில் முழந்தாளிட்டு அவள் சொன்னது ஜெபமா, சண்டையா என்று பிரிக்க முடியாது. "நீர்தானே கூப்பிட்டீர்? கூப்பிட்டவர் கதவைத் திறக்க வேண்டாமா? வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லும். நான் போய் என் வேலையைப் பார்க்கிறேன். இப்படி நூலைப் பாதி கோர்த்து வச்சிட்டு எங்கே போனீர்?" பக்கத்தில் மூத்த சிஸ்டர், எண்பத்தெட்டு வயது, காது சுத்தமாகக் கேட்காது, கண்ணும் மங்கல். அவர் மட்டும் என்னவோ கேட்டுவிட்டவர் போல இவள் முழங்கையைத் தட்டிக்கொடுத்தார்.

நாற்பதாம் நாள் ஒரு தப்பு நடந்தது. விரிப்பின் கடைசி மடிப்பு மடிக்கும்போது மணி அடித்தது. எல்லோரும் எழுந்தார்கள். நட்டுவின் கை நிற்கவில்லை. அந்த ஒரு மடிப்பை மடித்து, ஓரத்தை நீவி, அதற்குப் பிறகுதான் எழுந்தாள். நிமிர்ந்தால் இரண்டு சிஸ்டர்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். எந்தக் கூடத்தில் ஊசி பாதியில் நின்றதைப் பார்த்து மனம் உருகினாளோ, அதே கூடத்தில் அவளால் ஒரு மடிப்பைப் பாதியில் விட முடியவில்லை. அந்த மடிப்பு அவளை ஐம்பது நாள் தூங்கவிடவில்லை.

மூன்று மாதம் முடிந்தது, வாக்கெடுப்பு. அந்த மடத்தில் வாக்குப் போடுவது பொத்தானால். வெள்ளைப் பொத்தான் என்றால் சேர்க்கலாம், கறுப்பு என்றால் வேண்டாம். வாய் குறுகிய ஒரு தகரப் பெட்டியில் ஒவ்வொருவராகப் போடுவார்கள். ஒன்பதில் ஆறு வெள்ளை விழுந்தால் இடம் உண்டு. நட்டு நடைவழியில் தன் துணிப் பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே டிங், டிங் என்று பொத்தான் விழும் சத்தம் கேட்டது. அவள் காது எதையும் எண்ணாமல் விட்டதில்லை. அன்று பயத்தில் எண்ணத் தவறிவிட்டது.

மதர் வெளியே வந்தார். முகம் வெளுத்திருந்தது. "முடிவு இல்லம்மா. ஆறு மாசம் கழிச்சு மறுபடி வாக்கெடுப்பு. அதுவரைக்கும் நீ வீட்டுக்குப் போயிரு."

"முடிவு இல்லன்னா என்ன மதர் அர்த்தம்? சேர்த்துக்கலையா?"

"அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லம்மா."

"அந்த மடிப்பா?"

"எந்த மடிப்பு?" என்றார் மதர். அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. நட்டு அதை நம்பவில்லை.

கடைக்கு வந்து பெட்டியை வைத்தாள். எட்டுத் துண்டும் அழுக்காகியிருந்தன. அக்கா ஒரு வார்த்தை கிண்டல் செய்யவில்லை. அதுதான் ரொம்ப வலித்தது. மூன்றாம் நாள்தான் பழையபடி வாய் திறந்தாள். "முடிவு இல்லன்னா வேண்டாம்னு அர்த்தம்டி. பெரிய இடத்துல அப்படித்தான் சொல்லுவாங்க."

"வேண்டாம்னா வேண்டாம்னு சொல்ல என்ன கேடு?"

"சொல்லிட்டா நாலாம் நம்பரை யாரு பார்க்கிறது?"

அந்த ஆறு மாதத்தில் நட்டு பழுது பார்த்த மெஷின்கள் எல்லாம் அவள் கோபத்தில் ஓடின. ஒருத்தி, "உங்க கை பட்டதுலேருந்து மெஷின் என்னை அதட்டுது" என்று சொன்னாள். போன் அடித்தால் எழுந்து நிற்பதை நிறுத்திவிட்டாள். ஒருநாள் அடித்தது. மதர்தான். நாலாம் நம்பர்தான். சுத்தியல் தட்டியதில் மேல்தகடு நெளிந்துவிட்டதாம்.

"வர முடியாதுன்னு சொல்லுடி" என்றாள் அக்கா.

சொல்லத்தான் வாயெடுத்தாள். "இதோ வரேன் மதர்" என்று வந்தது.

கூடத்தில் எல்லோரும் தைத்துக்கொண்டிருந்தார்கள். நட்டு தகட்டைக் கழற்றி நிமிர்த்திக்கொண்டிருந்தாள். மூத்த சிஸ்டர் தடியை ஊன்றிக்கொண்டு வந்து, காது கேட்காதவர்கள் ரகசியம் பேசுகிற குரலில், அதாவது கூரை எகிறுகிற குரலில் சொன்னார்:

"கவலைப்படாதேம்மா! நான் உனக்கு ரெண்டு போட்டேன்!"

மணி அடிக்காமல் அந்தக் கூடத்து மெஷின்கள் எல்லாம் ஒன்றாக நின்றது அன்று ஒருநாள்தான்.

"என்ன சிஸ்டர் ரெண்டு?" என்று நட்டு இரண்டு விரலைக் காட்டிக் கேட்டாள்.

"பொத்தான்! மொதல்ல ஒண்ணு போட்டேன். விழுந்துச்சா இல்லையான்னு தெரியல, எனக்கு எங்க கேக்குது? உன் விஷயத்துல சந்தேகம் வேண்டாம்னு இன்னொண்ணும் போட்டேன்! ரெண்டும் வெள்ளை!"

ஒன்பது பேர், பத்துப் பொத்தான். எண்ணிக்கை பிசகினால் வாக்கெடுப்பு செல்லாது, மறுபடி நடத்த ஆறு மாதம் ஆக வேண்டும், அது விதி. யார் ரெண்டு போட்டது என்று கேட்கக் கூடாது, அதுவும் விதி. அவளை ஆறு மாதம் வறுத்தெடுத்தது அந்த மடிப்பு இல்லை. அவள் மேல் அந்த மடத்திலேயே அதிகப் பாசம் வைத்த ஒருத்தி. நட்டுவுக்குச் சிரிப்பு வந்தது, அழுகை வந்தது, இரண்டையும் தாண்டி ஆத்திரம் வந்தது. யார் மேல் காட்டுவது? மூத்த சிஸ்டர் பரிசு கொடுத்த குழந்தை மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

வேலை முடிந்ததும் நேரே மதரிடம் போனாள். "காதுல விழுந்துடுச்சு மதர்."

"இந்தத் தெருவுக்கே விழுந்திருக்கும்" என்று மதர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"மறுபடியும் அந்தத் தகரப் பெட்டிதானா? அவங்களுக்கு மறுபடியும் கேக்காது. மூணு போட்டாலும் போடுவாங்க. நான் ஒரு பெட்டி செஞ்சு தரட்டுமா?"

"உன்னைப் பத்தின வாக்குக்கு நீயே பெட்டி செய்றதா? நல்லா இருக்கும்மா நியாயம்."

"பெட்டிக்கு என்னைத் தெரியாது மதர்."

மதர் தகரப் பெட்டியை எடுத்து மேசை மேல் வைத்தார். "செஞ்சு கொண்டு வா. ஆனா, உள்ளே என்ன இருக்குன்னு எல்லாருக்கும் திறந்து காட்டணும்."

ஒரு வாரம் பிடித்தது. உடைந்த மெஷினிலிருந்து எடுத்த சின்ன ஸ்பிரிங், அதன் மேல் ஒரு தகடு. பொத்தானை வாயில் வைத்து அழுத்தினால் உள்ளே விழும். விழுந்ததும் தகடு துள்ளி, அழுத்திய விரல் நுனியைக் குருவி கொத்துவது போல ஒரு கொத்து கொத்தும். காது வேண்டாம், கண் வேண்டாம். விழுந்தது விரலுக்குத் தெரியும். நூறு பொத்தான் போட்டுப் பார்த்தாள். வெள்ளைக்கும் கொத்தியது, கறுப்புக்கும் அதே கொத்து கொத்தியது.

எதிர்ச் சுவரிலிருந்து அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். "பைத்தியக்காரி. கறுப்பு விழாத மாதிரி ஒரு வழி பண்ணேன்டி. உன்னால முடியாததா?"

முடியாதது இல்லை. அந்த யோசனை நட்டுவுக்கு வரவேயில்லை என்று நான் எழுதினால் நீங்கள் என் மற்றக் கதைகளையும் நம்பமாட்டீர்கள். "போடி" என்று அக்காவையே ஒருமையில் அதட்டிவிட்டு, இன்னொரு கறுப்புப் பொத்தானைப் போட்டுப் பார்த்தாள். கொத்தியது.

"அப்போ நிஜமாவே போகத்தான் போறியா?" என்றாள் அக்கா. இத்தனை காலத்தில் அந்தக் குரலில் அவள் கேட்டது அதுவே முதல்முறை.

"சேர்த்துக்கிட்டா."

"சேர்த்துக்கலன்னா?"

"இங்கதான் இருப்பேன், உன் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு. ஆனா கூப்பிட்டது கூப்பிட்டதுதான்கா. அவங்க எண்ணிக்கை தப்பினதால அது மாறல. அதான் எரிச்சலா இருக்கு."

இரண்டாவது வாக்கெடுப்பு. நடைவழியில் நின்றவள் இந்தத் தடவை தகடு துள்ளும் சத்தத்தை எண்ணினாள். ஒன்பது. மூத்த சிஸ்டர், "கொத்திடுச்சு! கொத்திடுச்சு!" என்று கத்தியது வேறு கேட்டது. ரகசிய வாக்காம்.

மதர் வெளியே வந்தார். "ஏழு வெள்ளை, ரெண்டு கறுப்பு. உனக்கு இடம் உண்டும்மா."

இந்த ஒரு வாக்கியத்துக்காகப் பதினேழு வருஷம் காத்திருந்தவள் கேட்டது இது: "எந்த ரெண்டு பேரு மதர்?"

"அதைச் சொல்ல அனுமதி இல்லம்மா. அப்புறம் இன்னொண்ணு. இது முதல் வாக்கெடுப்பு. அடுத்தது ஒரு வருஷம் கழிச்சு. அதுக்கப்புறம் மூணு வருஷம் கழிச்சு. கடைசியா இன்னொண்ணு இருக்கு."

"மொத்தம் நாலா?"

"உன் பெட்டி தாங்கும்ல?"

அக்கா கடை வாசல்வரை வந்து வழியனுப்பினாள். கருவிப் பையைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். "இது இங்க இருக்கட்டும். வெளியில அனுப்பிட்டாங்கன்னா, வந்து கேக்க ஒரு சாக்கு வேணும்ல." சொல்லிவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்தக் கடையின் ஷட்டர் பட்டப்பகலில் இறங்கி யாரும் பார்த்ததில்லை.

புதிதாகச் சேர்ந்தவள் ஒரு வருஷம் சமையற்கட்டில்தான் வேலை செய்ய வேண்டும். மெஷின் பக்கம் தலைகாட்டக் கூடாது. மடத்தில் அவளை நிஜப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். திரும்பிப் பார்க்க அவளுக்கு இரண்டு நிமிஷம் ஆகிறது. சாப்பாட்டு மேசையில் எதிரே எட்டு முகம், பக்கத்தில் மூத்த சிஸ்டர். உப்பு நகர்த்துகிற கை கறுப்புக் கையா, வெள்ளைக் கையா என்று பார்க்காமல் இருக்கப் பழகுகிறாள். இன்னும் பழகவில்லை.

சேர்ந்த மூன்றாம் வாரம், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது கூடத்திலிருந்து சத்தம் வந்தது. டங். டங். டங். சுத்தியல் வந்திருக்கிறார். நாலாம் நம்பர்.

"அங்க இல்லய்யா, அடியில, அந்தத் திருகு" என்று அவள் வெங்காயத்திடம் சொன்னாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது. வெங்காயத்தின் மேல் பழி போட வசதியாக இருந்தது. டங். இன்னும் ஒரே ஒரு தோல்தான் பாக்கி. அதை உரித்துவிட்டால் வெங்காயம் முடிந்துவிடும்.

அப்போது மணி அடித்தது.

கை நின்றது. அந்த ஒரு தோலோடு வெங்காயத்தைப் பலகையில் வைத்துவிட்டு எழுந்தாள். கை மட்டும்தான் நின்றது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஜெபக்கூடத்து வாசல்வரை அவள் வாய் முணுமுணுத்துக்கொண்டே போனது. உதடு அசைவதைக் கிட்டத்தில் பார்த்து, அது ஜெபம் என்று நினைத்து மூத்த சிஸ்டர் உரக்க "ஆமென்" என்றார்.